நிழலைக் கழற்றிக்கொண்டு போனார்கள்

என் பார்லருக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். ஜூன் மாதம் பிறந்ததும் ஒரு நாள் காலை நான் கடையைத் திறக்க வந்தபோது அங்கே நகராட்சி லாரி ஒன்று நின்றது. இரண்டு பேர் நிறுத்தத்தின் கூரைக் கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சு ஏற்கெனவே லாரியில் ஏறிவிட்டிருந்தது. பழசை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறார்கள் என்று நினைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"புதுசு எப்போ வரும்?" என்று கேட்டேன்.

தண்ணீரைக் குடித்து முடித்தவன் வாயைத் துடைத்தான். "கழட்டிட்டு வரச் சொன்னாங்கம்மா. போடச் சொல்லி எங்ககிட்ட யாரும் சொல்லல."

அரிசோனாவில் ஜூன் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் மழை இறங்கும்வரை தினமும் நூற்றுப் பத்து டிகிரி. கார் கதவைத் துணி சுற்றிய கையால்தான் திறப்போம். அந்த மாதத்தில், ஊரின் தெற்குப் பக்கத்தில், பாதிப் பேருக்குக் கார் இல்லாத எங்கள் தெருவில், நின்று காத்திருக்க இருந்த ஒரே நிழலை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

மதியம் கூக்கா வந்து நின்றாள். கூக்கா நொரியேகா என் மகளுக்கு ஞானத்தாய். அதனால் நானும் அவளும் ஒருவரை ஒருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கூடப் பிறந்தவளைவிட நெருக்கமான உறவு அது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு மதிய வேலை. தெருவின் அந்த முனையில் அவள் பேசினால் இந்த முனையில் நாய் எழுந்து உட்காரும். அப்படிப்பட்டவள், வெறும் நடைபாதையில் அறுத்துவிட்ட நாலு கம்பி முளைகளைப் பார்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் நின்றாள். பிறகு என் கடைக்குள் வந்தாள்.

"கொமாத்ரே, நிழல் எங்க போச்சு?"

"லாரில போச்சு."

"யாரு சொன்னது?"

யார் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெருவுக்கு அந்தப் பக்கம், பழைய டயர்க் கடை இருந்த இடத்தில், புது அடுக்குமாடிக் கட்டடம் வந்திருந்தது. அதன் பெயர் 'லா சோம்ப்ரா'. எங்கள் ஸ்பானிஷ் பாஷையில் 'நிழல்' என்று அர்த்தம். நான் கிண்டல் செய்யவில்லை, வாசலில் நீல ஓட்டில் பெரிதாக எழுதியே வைத்திருந்தார்கள். உள்ளே நீச்சல் குளம். குடிவந்தவர்கள் மாலையில் நாய்களை நடத்திக்கொண்டு போவார்கள். தார் சுடும் என்று அந்த நாய்களின் நாலு கால்களுக்கும் ரப்பர்ச் செருப்பு. பேருந்து நிறுத்தத்தில் வீடில்லாத ஒரு ஆள் படுத்துக் கிடக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை என்று அவர்கள் நகராட்சிக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த ஆள் பெயர் ட்வெய்ன். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவன். முதுகு போனது, வேலை போனது, எல்லாம் போனது. எங்கள் யாரையும் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கடை வாசலைச் சொல்லாமலே பெருக்கிவிட்டுப் போவான்.

ஒரு மனிதன் படுக்கக் கூடாது என்பதற்காக ஒரு தெருவே வெயிலில் நிற்க வேண்டும் என்று ஒரு மேஜையில் யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

"பேத்தோவக் கூப்பிடுறேன்" என்றாள் கூக்கா.

பேத்தோ மொந்திகோ எங்கள் வட்டத்தின் கவுன்சிலர். வெளியூர்க்காரன் அல்ல. எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்த பையன். போன தேர்தலில் அவனுக்காகக் கூக்கா தன் வீட்டு முற்றத்தில் தமாலே அவித்து ஊருக்கே போட்டாள். இலையில் பொதிந்த மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் இந்த மண்ணோட பிள்ளை" என்று அவன் பேசியதைக் கேட்டு நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டவள்தான்.

கூக்கா என் கடையிலிருந்தே போன் செய்தாள். முதலில் அவன் ஆபீஸ் பெண் எடுத்தாள். "உங்க குரல் எங்களுக்குக் கேக்குதுங்க" என்றாள்.

"கேக்காம என்னம்மா, நான் கத்திக்கிட்டுல்ல இருக்கேன். பேத்தோகிட்ட குடு."

கடைசியில் அவனே வந்தான். போனை ஒலிபெருக்கியில் போட்டோம்.

"சித்தி! எப்படி இருக்கீங்க?"

"வெந்துக்கிட்டு இருக்கேன் ராசா. எங்க நிறுத்தத்து நிழல எதுக்குப் புடுங்குனீங்க?"

"அது புடுங்கல சித்தி. மேம்படுத்துறோம். நகரம் முழுக்க நிழல் ஆய்வு ஒண்ணு நடக்குது. எங்க நிழல் இருக்கு, எங்க இல்லன்னு வரைபடம் போடுறாங்க."

"எங்க இல்லன்னு நான் சொல்றேன், எழுதிக்க. இங்க இல்ல. நேத்து இருந்துச்சு."

அவன் சிரித்தான். சின்ன வயதில் மாதுளம்பழம் கேட்டு வரும்போது சிரித்த அதே சிரிப்பு. "இலையுதிர் காலத்துல அறிக்கை வந்துடும் சித்தி. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"இலையுதிர் காலத்துல நிழல் எதுக்குடா எனக்கு?" என்று அவள் கேட்பதற்குள், வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டான்.

அதன் பிறகு பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் என் கடைக்குள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். நான் வரச் சொன்னேன். ஆனால் என் கடையிலிருந்து ஓடி, சாலையைக் கடந்து போவதற்குள் பேருந்து கிளம்பிவிடும். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் வெயிலிலேயே நின்றார்கள்.

தோன் சூயி லெர்மாவால் ஓட முடியாது. வயது எண்பதை ஒட்டி இருக்கும், மரியாதைக்கு 'தோன்' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் எல்லோர் கல்யாணத்திலும் எக்காளம் வாசித்தவர். மனைவி போன பிறகு தனியாகவே சமைத்து, தனியாகவே துவைத்து, வாரத்தில் மூன்று நாள் பேருந்தில் ஏறி நகர நூலகத்துக்குப் போய்ச் செய்தித்தாள் படித்துவிட்டு வருவார். பெரிய தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. "உள்ள வாங்க தோன் சூயி" என்று கூப்பிட்டால், "பொம்பளைங்க முடி வெட்டுற எடத்துல எனக்கென்ன வேலை மகளே, என் முடி எப்பவோ சொல்லாம கொள்ளாமப் போயிடுச்சு" என்று தொப்பியைத் தூக்கிக் காட்டுவார்.

ஒரு நாள் நான் ஒரு பெண்ணுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். ட்வெய்ன் கண்ணாடிக் கதவை உள்ளங்கையால் அடித்தான். "விழுந்துட்டாரு! தாத்தா விழுந்துட்டாரு!"

சாயக் கையுறையோடு ஓடினேன். தோன் சூயி நடைபாதையிலிருந்து சரிந்து, கன்னமும் ஒரு கையும் தார்மேல் பட விழுந்து கிடந்தார். ட்வெய்ன் அவரைத் தூக்கித் தன் மேல் சாய்த்துக்கொண்டிருந்தான். கிழவரைக் கிடத்த வேறு இடம் இல்லாததால் அவனே தரையில் உட்கார்ந்திருந்தான். அவர் கன்னத்தின் தோல் தாரோடு ஒட்டி உரிந்திருந்தது. கொஞ்ச நேரம்தான் கிடந்திருப்பார். எங்கள் ஊர்த் தாருக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத் துண்டை அவர் தலையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எதிர்ப்பக்கம் ஒரு பெண் நாயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் என் கண் அந்த நாயின் செருப்பைவிட்டு நகரவில்லை.

தோன் சூயி பிழைத்தார். ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் கிடந்து, தோல் ஒட்டி, வெளியே வந்தார். ஆனால் பீனிக்ஸிலிருந்து வந்த மகள் அவரைத் தனியாக விட மறுத்துவிட்டாள். வீட்டைப் பூட்டி, அவரையும் எக்காளத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். கட்டுப் போட்ட முகத்தோடு அவர் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்துக் கையசைத்தபோது, கூக்கா பதிலுக்குக் கையசைக்கவில்லை. அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அன்செல்மோவப் பாக்கப் போறேன்" என்றாள்.

அன்செல்மோ பூயித்திமேயா கூரை வேலைக்காரன், யாக்கிப் பழங்குடிக்காரன். ஈஸ்டர் சமயத்தில் அவர்கள் குடியிருப்பில் சாமிக்கு முன்னால் ஆடுவதற்குப் பெரிய பந்தல் போடுவார்கள். மெஸ்கீட் மரக் கால் நட்டு, மேலே நாணல் பரப்பிப் போடும் பந்தல். காற்று உள்ளே வரும், வெயில் வராது. கூக்கா கேட்டதும் அவன் தாடையைச் சொறிந்தான்.

"அனுமதி இருக்கா?"

"அவங்க நிழலப் புடுங்க உங்கிட்ட அனுமதி கேட்டாங்களா?"

"என்கிட்ட யாரு எதக் கேக்குறா? பொண்டாட்டிகூடக் கேக்குறதில்ல" என்று சிரித்துவிட்டு, லாரிச் சாவியை எடுத்தான்.

சனிக்கிழமை விடியலில் வேலை தொடங்கியது. ஆட்களைக் கூப்பிடவே இல்லை, தானாக வந்தார்கள். நாணல் ஒருவர் கொண்டுவந்தார். அன்செல்மோ கால் நட்டான். நடைபாதையை ஒட்டிய மண்ணில் குழி தோண்டியது ட்வெய்ன்தான். முதுகு வலியில் முனகிக்கொண்டே தோண்டினான், நிறுத்தச் சொன்னால் முறைத்தான். நான் பீன்ஸை ரொட்டியில் வைத்துப் புரீத்தோ சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறுவதற்குள் பந்தல் நின்றது. கூக்கா தன் சமையலறை நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். முதல் பேருந்து வந்தபோது ஓட்டுநர் ஹாரனை அழுத்தி அழுத்திக் கொண்டாடினார்.

திங்கட்கிழமை பேத்தோ வந்தான். புகைப்படக்காரரோடு வந்தான். பந்தலுக்கடியில் நின்று, கூக்காவின் தோளில் கை போட்டு, நாணலை அண்ணாந்து பார்ப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டான்.

"சித்தி, பிரமாதம்! மக்களே முன்வந்து செய்யுற நிழல்! நான் இதத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"எப்பச் சொன்ன? யார்கிட்டச் சொன்ன?" என்றாள் கூக்கா. அவன் அதற்குள் அன்செல்மோவின் கையைக் குலுக்கப் போய்விட்டான். சாயங்காலமே அந்தப் படம் அவன் இணையப் பக்கத்தில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் பாராட்டியிருந்தார்கள். நானும் வெட்கமில்லாமல் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டேன். படத்தின் ஓரத்தில் நானும் இருந்தேன், என் கூந்தல் நன்றாக விழுந்திருந்தது.

வியாழக்கிழமை பந்தல் காலில் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டியிருந்தது. 'பொது வழியில் அனுமதியற்ற கட்டுமானம்.' வெள்ளிக்கிழமை காலை அதே லாரி வந்தது, அதே இரண்டு பேர். ஒரு பெஞ்சைத் திருப்பிக் கொண்டுவர இலையுதிர் காலம்வரை ஆய்வு தேவைப்பட்ட நகராட்சிக்கு, ஒரு பந்தலைப் பிரிக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. இந்தத் தடவை நான் தண்ணீர் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. நாணலைக் கட்டாகக் கட்டும்போது ஒருவன் என் பக்கம் திரும்பாமலே, "எங்கம்மாவும் இந்த பஸ்லதான் போறாங்க" என்றான். கூக்காவின் நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கூக்கா போன் செய்தாள். பேத்தோ எடுக்கவில்லை. குரல்பதிவில் சொன்னாள்: "என் நாற்காலியாவது திருப்பிக் குடுடா. அதுல உக்காந்துதான் நீ தமாலே தின்ன."

அடுத்த வாரம் அவனிடமிருந்து பதில் வேறு விதத்தில் வந்தது. 'ஊருக்கெல்லாம் நிழல்' என்ற திட்டத்தை அவன் அறிவிக்கப் போகிறான், அதுவும் எங்கள் நிறுத்தத்திலேயே, தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால். அன்று மதியம் வாடகைக் கூடாரம் ஒன்று வந்து இறங்கியது. வெள்ளைவெளேர் என்று, கல்யாணக் கூடாரம் மாதிரி. ஆளுயர மின்விசிறிகள் இரண்டு. மெத்தை வைத்த நாற்காலிகள். பனிக்கட்டியில் புதைத்த தண்ணீர்ப் புட்டிகள். எல்லாம் அதிகாரிகளுக்கு. நாற்காலியில் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. எங்களுக்குக் கயிறு கட்டி வெயிலில் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். சாயம் பூசிக்கொண்டிருந்தவர்கள் தலையில் காகிதம் சுற்றியபடியே கூட வந்தார்கள். பேத்தோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தான்.

"நிழல் என்பது ஆடம்பரமல்ல. நிழல் ஓர் உரிமை" என்று ஆரம்பித்தான்.

கூக்கா வேலை உடுப்பில் நின்றிருந்தாள். கயிற்றைத் தூக்கினாள், குனிந்தாள், உள்ளே போனாள். முன்வரிசையில் லா சோம்ப்ரா முதலாளியின் பெயர் ஒட்டியிருந்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மின்விசிறிப் பக்கம் நீட்டினாள்.

"வாங்க எல்லாரும்" என்றாள். "உரிமையாம்ல. வந்து உக்காருங்க."

நாங்கள் போனோம். கயிறு கீழே விழுந்தது. அன்செல்மோ தண்ணீர்ப் புட்டிகளை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தான், அதிகாரிகளுக்கும் சேர்த்து. ட்வெய்ன் வெளியே தயங்கி நின்றான். கூக்கா பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். பேத்தோவின் முகம் சிவந்தது, ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் சிரித்துக்கொண்டே பேசி முடித்தான். கைதட்டல் அதிகாரிகளிடமிருந்து மட்டும் வந்தது. அவர்கள் குளிர்ந்த கார்களில் ஏறிப் போனார்கள்.

கூடாரக்காரர்கள் பிரிக்க வந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

பேத்தோ கூக்காவின் காதருகே குனிந்தான். "சித்தி, அசிங்கப்படுத்தாதீங்க. இது வாடகைக்கு எடுத்தது."

"நீயுந்தான்" என்றாள் கூக்கா.

"போலீசக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடு. அவங்களும் பாவம், வெயில்ல வருவாங்க, உள்ள வந்து நிக்கட்டும்."

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். இளைஞர். கொஞ்ச நேரம் வெயிலில் நின்று எங்களைப் பார்த்தார், பிறகு கூடாரத்தின் ஓரமாக உள்ளே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டார். தொலைக்காட்சிப் பெண் இன்னும் போகவில்லை. அவள் கேமராவைத் திருப்பச் சொன்னாள். கூக்காவிடம் ஒலிவாங்கியை நீட்டினாள். கூக்கா பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தோன் சூயியின் பெயரைச் சொன்னாள், அவர் எங்கே விழுந்தார் என்று விரலால் காட்டினாள். "இவ்வளவுதான். எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள். அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.

அன்று மாலைச் செய்தியில் பேத்தோ பேசினான். எங்கள் சிரமத்தை நேரில் கண்டு, கூடாரம் அங்கேயே இருக்க வேண்டும் என்று அவனே உத்தரவிட்டானாம். தொலைக்காட்சியைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆயிற்றோ என்று வந்துவிட்டார்.

கூடாரம் ஜூலை பாதிவரை நின்றது. முதல் மழைக்கு முன்னால் வரும் புழுதிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் லா சோம்ப்ராவின் நீச்சல் குளத்தில் போட்டது. அதற்குப் பிறகுதான், ஆய்வு அறிக்கைக்குக் காத்திராமல், நகராட்சி அவசரமாக ஒரு தகரக் கூரையும் பெஞ்சும் கொண்டுவந்து நட்டது. பெஞ்சின் நடுநடுவே இரும்புக் கைப்பிடிகள், யாரும் படுக்க முடியாதபடி. ட்வெய்ன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தரையிலேயே சாய்ந்துகொண்டான். அன்செல்மோ அரம் கொண்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். கூக்கா இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குளிர்காலத்தில் பேத்தோ மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தான். என் கடைக்குள் வந்து, ஜன்னல் வழியே நிறுத்தத்தைக் கைகாட்டினான்.

"பாத்தீங்களாக்கா, சொன்னத செஞ்சிட்டேன்."

நாற்காலியில் கூக்கா உட்கார்ந்திருந்தாள், தலையெல்லாம் சோப்பு நுரை. கண்ணைத் திறக்கவே இல்லை.

"பீனிக்ஸ் போ ராசா" என்றாள். "தோன் சூயிகிட்ட போய் ஓட்டுக் கேளு. கன்னத்தக் காட்டச் சொல்லு. அதப் பாத்த பிறகும் அவரு போடுறேன்னாருன்னா, நானும் போடுறேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது. மேஜையில் அவன் துண்டுப் பிரசுரங்கள் ஒரு கட்டு இருந்தன. முதல் பக்கத்தில் பந்தலுக்கடியில் அவன் கூக்காவின் தோளில் கை போட்டு நின்ற படம். நான் அதை அவளிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் பாதித் தலை நுரையோடு தெருவில் இறங்கி அவனைத் துரத்தியிருப்பாள்.